கல்லின் பிறப்பிடம் காணல்: சிந்துவெளிச் செர்ட்டு அலகுகளும் ரோரிக் குன்றுகளும்

முன்னுரை

எழுத்துச் சான்று கிடைக்காத காலத்தின் வரலாற்றை அறியக் கல்லே முதன்மை ஆவணமாகும். மரமும் தோலும் நாரும் மட்கிப் போகின்றன. உலோகம் மீண்டும் மீண்டும் உருக்கி வார்க்கப்படுகிறது. உடைக்கப்பட்ட கல்லோ உடைந்த வடிவிலேயே பல்லாயிரம் ஆண்டுகள் கிடக்கிறது. ஒரு கற்கருவியை நோக்கி ஆய்வாளர் மூன்று வினாக்களை எழுப்புவர். அது எவ்வாறு செய்யப்பட்டது, எதற்குப் பயன்பட்டது, அதன் கல் எங்கிருந்து வந்தது என்பன அவை. முதலிரண்டு வினாக்களுக்குக் கருவியிலேயே விடை தேடலாம். மூன்றாம் வினாவிற்கு விடை காணக் கருவியை விட்டு வெளியேறி மலைகளையும் ஆற்றுப் படுகைகளையும் நாடவேண்டும்.

சிந்துவெளி நாகரிகத்தைப் பொறுத்தவரை இம்மூன்றாம் வினா தனிச்சிறப்புடையது. அந்நாகரிகத்தின் எழுத்து அறிஞர் அனைவரும் ஏற்கும் வகையில் இன்னும் படிக்கப்படவில்லை. எனவே அதன் நகரங்களுக்கிடையே நிலவிய தொடர்பைப் பொருள்களின் வழியாகவே உய்த்துணர வேண்டியுள்ளது. அப்பொருள்களுள் மிக எளியது செர்ட்டு என்னும் கல்லால் ஆன நீண்ட அலகு. அது சிந்து மாநிலத்தின் ரோரிக் குன்றுகளிலிருந்து வந்தது என்பது நூல்களில் வழக்கமாகக் காணப்படும் கூற்றாகும். அக்கூற்று எவ்வகைச் சான்றின் மேல் நிற்கிறது, அச்சான்று எவ்வளவு பாரத்தைத் தாங்கும், அதிலிருந்து எத்தகைய வரலாற்று முடிவுகளைப் பெறலாம் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

செர்ட்டு: இயல்பும் பயனும்

சிக்கிமுக்கிக்கல், செர்ட்டு, ஜாஸ்பர், கால்சிடனி, அகேட்டு ஆகியவை அனைத்தும் சிலிக்காவால் ஆன நுண்படிகக் கற்கள். கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறைகளுக்குள் சிலிக்கா திரண்டு, உருண்டைகளாகவும் படலங்களாகவும் இறுகியதே செர்ட்டு. மேலை நாடுகளில் வெண்சுண்ணப் பாறையில் கிடைக்கும் வகையைச் சிக்கிமுக்கிக்கல் எனத் தனியே வழங்குவர். அகேட்டும் கால்சிடனியும் பெரும்பாலும் எரிமலைக் குழம்புப் பாறையின் வெற்றிடங்களில் உருவாகின்றன. தக்காணத்தின் கருங்குழம்புப் பாறைகள் இவற்றின் பெருங்களஞ்சியமாகும்.

இக்கற்களுக்குள் பிளவுத் தளங்கள் இல்லை. ஆதலால் தட்டும் விசை எத்திசையில் செல்கிறதோ அத்திசையிலேயே கல் பிளந்து, சிப்பியின் உட்புறம் போன்ற வளைவான முகத்தைத் தருகிறது. தேர்ந்த கைவினைஞர் தாம் விரும்பிய வடிவைக் கல்லிலிருந்து பெறுவதற்கு இவ்வியல்பே காரணம். உருண்டைக் கல்லைச் செப்பனிட்டுக் கருக்கல்லாக்கி, அதன் விளிம்பில் அழுத்தம் கொடுத்தால் இணையான இரு விளிம்புகளையுடைய நீண்ட அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று வரும். சிந்துவெளிக் கைவினைஞர் இவ்வழுத்தத்திற்குச் செப்பு முனையைப் பயன்படுத்தினர். பலூசிஸ்தானத்தின் நௌஷாரோவில் கி.மு. 2500 அளவில் இயங்கிய மட்பாண்டப் பட்டறையொன்றில் கிடைத்த அலகுகளைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரை இதனை நிறுவியது. அவ்வலகுகள் பச்சைப் பானைகளைச் சீவிச் செப்பமிடப் பயன்பட்டன என்பதும் அவற்றின் தேய்மானத் தடங்களால் அறியப்பட்டது. செம்பை நன்கு அறிந்த சமுதாயம் அச்செம்பைக் கொண்டே கல் அலகுகளைச் செய்தது என்பது நோக்கத்தக்கது. செம்பின் வரவால் கல்லின் பயன் மறைந்துவிடவில்லை.

பிறப்பிடம் காணும் முறைகள்

கல்லின் பிறப்பிடத்தைக் கண்டறியும் முறைகளை மூன்று படிகளாகக் கொள்ளலாம். முதலாவது கண்ணால் காணல். நிறம், ஒளிபுகும் தன்மை, வரிகள், புள்ளிகள், புறத்தோலின் தன்மை ஆகியவை இதில் நோக்கப்படும். பிரான்சின் கிராண்ட் பிரசிஞ்ஞியில் கிடைக்கும் தேன்நிறச் சிக்கிமுக்கிக்கல்லும், போலந்தின் கிரெமியோங்கியில் கிடைக்கும் வரிகளையுடைய சிக்கிமுக்கிக்கல்லும் இவ்வாறு எளிதில் இனங்காணப்படும் கற்களுக்கு எடுத்துக்காட்டுகள். எனினும் இம்முறைக்கு எல்லை உண்டு. நெடுநாள் மண்ணில் கிடந்த செர்ட்டின் மேல் வெண்படலம் படர்ந்து இயற்கை நிறத்தை மறைத்துவிடும். வெப்பமூட்டினாலும் நிறம் மாறும். மங்கிய அகேட்டைச் சூடேற்றிச் சிவந்த சூதுபவளமாக்கும் தொழில்நுட்பம் சிந்துவெளியில் அறியப்பட்டிருந்தது. ஆகவே நிறம் மட்டும் கொண்டு ஊர் சொல்லுதல் இடருடையது.

இரண்டாவது கல்லியல் முறை. கல்லை ஒளி ஊடுருவும் அளவிற்கு மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் காணும்போது படிகங்களின் அமைப்பும், கல்லுக்குள் புதைந்த நுண்ணுயிர்ப் புதைபடிவங்களும் புலப்படும். புதைபடிவங்கள் அக்கல் எந்த நிலவியல் காலத்துப் பாறையில் தோன்றியது என்பதைச் சுட்டுவதால், பொருந்தாத பாறைத் தொகுதிகளை விலக்கிவிட உதவுகின்றன. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சிலுள்ள நீலக்கற்கள் வேல்சின் பிரசெலிக் குன்றுகளைச் சேர்ந்தவை என்று எச். எச். தாமசு 1923-இல் காட்டியது இம்முறையின் புகழ்பெற்ற வெற்றியாகும்.

மூன்றாவது வேதியியல் முறை. செர்ட்டில் 95 விழுக்காட்டிற்கும் மேல் சிலிக்காவே உள்ளது. இவ்வகையில் எல்லாச் செர்ட்டும் ஒன்றுபோலவே இருக்கும். எஞ்சிய சிறுபகுதியில் பத்து இலட்சத்தில் சில பங்குகளாக அமைந்துள்ள நுண்ணளவுத் தனிமங்களே ஓரிடத்துக் கல்லை மற்றோரிடத்துக் கல்லிலிருந்து பிரித்துக் காட்டும். அவற்றை அளக்க நியூட்ரான் கிளர்வுப் பகுப்பாய்வும், லேசர் கதிரால் கல்லின் மேற்பரப்பில் நுண்துளையிட்டு வெளிவரும் துகளை ஆராயும் நிறைமாலைப் பகுப்பாய்வும் பயன்படுகின்றன. எரிமலைக் கண்ணாடியாகிய ஆப்சிடியனில் இம்முறை கைகூடும் என்பதைக் கேனும் ரென்ஃபுரூவும் 1964-இல் காட்டினர். அடுத்து 1972-இல் சீவ்கிங்கும் அவருடன் பணியாற்றியோரும் ஐரோப்பியச் சிக்கிமுக்கிக்கல் சுரங்கங்களுக்கு அதனை விரித்தனர்.

ஆப்சிடியனில் எளிதாக அமைந்த பணி செர்ட்டில் கடினமாயிற்று. ஓர் எரிமலையின் குழம்பு பெரும்பாலும் ஒரே சீரான கலவையுடையது. செர்ட்டோ ஒரே குன்றில், ஏன், ஒரே உருண்டையின் மையத்திலும் விளிம்பிலும்கூட வேறுபடக்கூடும். பிறப்பிட ஆய்வின் அடிப்படை எடுகோளை வீகண்டு, ஹார்பாட்டில், சேயர் ஆகியோர் 1977-இல் வகுத்தனர். ஓரிடத்திற்குள் காணும் வேறுபாட்டைக் காட்டிலும் இரண்டு இடங்களுக்கிடையே காணும் வேறுபாடு மிகுதியாக இருந்தால்தான் பிறப்பிடத்தைச் சொல்ல முடியும் என்பதே அவ்வெடுகோள். செர்ட்டைப் பொறுத்தவரை இதனை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள இயலாது. ஒவ்வொரு பகுதியிலும் பல மாதிரிகளை எடுத்துச் சோதித்த பின்னரே அது பொருந்துகிறதா என்று கூறலாம்.

இங்குப் புள்ளியியல் முறையின் ஓர் இயல்பையும் கருதவேண்டும். மாதிரித் தொகுப்பில் ஐந்து இடங்களின் கற்கள் இருப்பின், ஆராயப்படும் கருவி அவ்வைந்தனுள் எதற்கு மிக நெருங்கியது என்று கணக்கீடு கூறும். உண்மையான பிறப்பிடம் ஆறாவது இடமாக இருந்தால், தொகுப்பில் அது இல்லாத காரணத்தால் கருவி வேறோர் இடத்திற்கு உரியதாகக் காட்டப்படும். எனவே பிறப்பிட ஆய்வு என்பது அடிப்படையில் பிற இடங்களை விலக்கும் ஆய்வே. விலக்கப்படாத இடம் எதுவும் எஞ்சியுள்ளதா என்ற வினா எப்போதும் உடன்வரும்.

ரோரிக் குன்றுகள்

சிந்து ஆற்றின் கிழக்குக் கரையில் ரோரி நகரிலிருந்து தெற்கு நோக்கி நீளும் தாழ்வான சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளே ரோரிக் குன்றுகள் எனப்படுகின்றன. அவை பாகிஸ்தானின் சுக்கூர், கைர்பூர் மாவட்டங்களில் அமைந்துள்ளன. பாறை ஈயோசீன் காலத்தது. மட்டமான உச்சிகளில் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறமுடைய, குறையற்ற செர்ட்டு உருண்டைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன.

இப்பகுதியின் கல் அறிஞர் நோக்கிற்கு வந்தது சிந்துவெளி நாகரிகம் கண்டறியப்படுவதற்கு நெடுங்காலம் முன்பாகும். சுக்கூர் அருகே ஆற்றுப் படுகையில் கிடைத்த கருக்கற்களைப் பற்றி 1866-ஆம் ஆண்டிலேயே ஜான் எவான்சு இங்கிலாந்தில் எழுதினார். அக்கருக்கற்கள் எந்நாகரிகத்தைச் சேர்ந்தவை என்பதை உணர அன்று வழியில்லை. 1920-களில் மொகஞ்சதாரோ அகழப்பட்டு, அதே முறையில் கழற்றப்பட்ட அலகுகள் வீடுதோறும் கிடைத்த பின்னரே பழைய கண்டுபிடிப்பின் பொருள் தெளிவாயிற்று. பின்னர் தெ டெர்ரா, பேட்டர்சன் ஆகியோர் 1939-இல் வெளியிட்ட நூலும், பிரிட்ஜெட் ஆல்ச்சின் 1976-இல் எழுதிய கட்டுரையும் இக்குன்றுகளின் பழங்கற்காலத் தடயங்களை வெளிப்படுத்தின. நாகரிகக் காலத்திற்கு மிக முற்பட்ட மாந்தரும் இங்கு வந்து கல் எடுத்துள்ளனர் என்பது இவற்றால் தெரியவந்தது.

முறையான கள ஆய்வு 1990-களில் நடைபெற்றது. வெனிசுப் பல்கலைக்கழகத்தின் பாவ்லோ பியாகியும் கைர்பூரிலுள்ள ஷா அப்துல் லத்தீபு பல்கலைக்கழகத்தினரும் 1993-இல் கூட்டாய்வைத் தொடங்கினர். குன்றுகளின் உச்சியில் காற்றடித்த மணல் நிரம்பிய பள்ளங்களும், அவற்றைச் சூழ்ந்து சுண்ணாம்புக்கல் குவியல்களும், அருகே உடைகற்கள் பரந்து கிடக்கும் பட்டறைகளும் பதிவு செய்யப்பட்டன. பள்ளங்கள் கல்லகழ்விடங்கள். குவியல்கள் அகழும்போது ஒதுக்கிய பாறைத் துண்டுகள். உடைகற்களோ கருக்கல்லைச் செப்பனிட்டபோது விழுந்த கழிவு. அகழ்விடமொன்றில் கிடைத்த கரித்துண்டின் கதிரியக்கக் காலக்கணிப்பு, அது கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியில் இயங்கியதைக் காட்டியது. இதனால் ரோரிக் குன்றுகள் சிந்துவெளி நகரங்கள் செழித்திருந்த காலத்திலேயே பெருமளவில் அகழப்பட்டன என்பது உறுதியாயிற்று.

ஓரிடத்தில் கல் அகழப்பட்டது என்பதும், குறிப்பிட்ட நகரத்தில் கிடைத்த அலகு அவ்விடத்தது என்பதும் ஒன்றல்ல. முன்னதற்குக் களச் சான்று போதும். பின்னதற்கு ஒப்பீடு வேண்டும்.

அரப்பாவின் சான்று

மொகஞ்சதாரோ ரோரியிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 85 கி.மீ. தொலைவில் உள்ளது. அந்நகரம் அருகிலுள்ள குன்றின் கல்லைக் கொண்டது வியப்பன்று. அரப்பா ஏறத்தாழ 500 கி.மீ. வடகிழக்கே உள்ளது. அதற்கு வடக்கே உப்பு மலைத்தொடர் அமைந்துள்ளது. அங்கு நம்மல் கணவாயில் கருநிறச் செர்ட்டு கிடைப்பதை ராண்டல் லாவும் எஸ். ஆர். எச். பக்ரியும் கண்டறிந்து எழுதியுள்ளனர். ஆகவே அரப்பாவிற்கு வேறு செர்ட்டும் எட்டும் தொலைவில் இருந்தது.

அரப்பாவில் கிடைத்த கற்களையும் கனிமங்களையும் ஒருசேர ஆராய்ந்த லாவின் விரிவான ஆய்வு 2011-இல் கியோத்தோவிலிருந்து நூலாக வெளிவந்தது. பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் உள்ள பல பிறப்பிடங்களுக்கு நேரில் சென்று மாதிரிகளைத் திரட்டி, அவற்றை அரப்பாவின் தொல்பொருள்களோடு ஒப்பிட்டமை அதன் சிறப்பு. நகரங்கள் செழித்த கட்டத்தில் அரப்பாவின் செர்ட்டு பெரும்பாலும் ரோரி வகையைச் சேர்ந்தது என்பது அவ்வாய்வால் தெளிவாகிறது. மாக்கல்லுக்கு வடக்கே ஹசாராப் பகுதியும், அரைகல்லுக்கு ஹரியானாவின் கலியானாக் குன்றுகள் உள்ளிட்ட இடங்களும், ஈயத்திற்குத் தென் பலூசிஸ்தானமும் பிறப்பிடங்களாகச் சுட்டப்பட்டன. ஒரே நகரம் பல திசைகளிலிருந்து பல கற்களைப் பெற்ற நிலையில், அன்றாட வெட்டுக் கருவிக்குரிய கல்லைத் தெற்கிலிருந்து பெற்றது.

இதன் பொருளை எண்ணிப் பார்க்கவேண்டும். அலகு ஆடம்பரப் பொருளன்று. உணவு நறுக்கவும், கதிர் அறுக்கவும், பானை சீவவும் பயன்பட்டுத் தேய்ந்தவுடன் எறியப்படுவது. எளிதில் எறியப்படும் பொருளொன்று 500 கி.மீ. கடந்து இடையறாது வந்துகொண்டிருந்தது எனில், அவ்வழியில் ஒழுங்கான போக்குவரத்து இருந்திருக்கவேண்டும். அரிய மணிக்கல் ஒன்று கைமாறிக் கைமாறித் தொலைநாட்டை அடையலாம். அன்றாடக் கருவிக்குரிய கல் அவ்வாறு தற்செயலாக வந்து ஒரு நகரத்தின் தேவையை நிறைவு செய்யாது. சிந்து ஆற்றுத் தொகுதியின் நீர்வழிகள் இப்போக்குவரத்திற்குத் துணைசெய்திருக்கும் எனக் கருத இடமுண்டு.

குஜராத் காட்டும் சான்று

குஜராத்தில் இக்கல் தரும் செய்தி இன்னும் கூர்மையானது. ரோரியிலிருந்து தோலாவீரா ஏறத்தாழ 440 கி.மீ., லோத்தல் ஏறத்தாழ 660 கி.மீ. நேர்தொலைவில் உள்ளன. இவ்வூர்களிலும் பழுப்புச் சாம்பல்நிறச் செர்ட்டாலான நீண்ட அலகுகள் கிடைக்கின்றன. இவற்றில் உள்ளூரில் உடைத்தமைக்குரிய கழிவு பெரும்பாலான இடங்களில் காணப்படாமையால், அலகுகள் சிந்துவிலேயே செய்யப்பட்டு ஆயத்த நிலையில் இங்கு வந்தன என்னும் கருத்து நெடுநாள் நிலவியது. கச்சு வளைகுடாவை அடுத்த ஷிகார்ப்பூரின் செர்ட்டுத் தொகுதியைச் சாருஸ்மிதா கடேகர், எஸ். வி. ராஜேஷ், பி. அஜித்பிரசாத் ஆகியோர் ஆராய்ந்து 2014-இல் எழுதிய கட்டுரை இக்கருத்தை மறுபடியும் எண்ணச் செய்தது. அங்கு அலகுகளோடு அலகு கழற்றிய கருக்கல் ஒன்றும் சிறிதளவு உடைகற்களும் கிடைத்தன. அலகுகளின் அளவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருந்தது. எனவே சில கருக்கற்களேனும் குஜராத்திற்கு வந்து அங்கு அலகாக்கப்பட்டிருக்கலாம். ஆயத்தப் பொருளைப் பெறுவதும் மூலப்பொருளோடு அதனைக் கையாளும் திறனையும் பெறுவதும் வெவ்வேறு வகைத் தொடர்புகள். ஒரு கருக்கல்லும் கைப்பிடியளவு கழிவும் இவ்வேறுபாட்டை நம்முன் வைக்கின்றன.

காலப்போக்கில் நிகழ்ந்த மாற்றம் இதனினும் முக்கியமானது. எஸ். ஆர். ராவ் 1955 முதல் 1962 வரை அகழ்ந்த லோத்தலில், நகரம் செழித்த முற்கட்டத்தில் நீண்ட செர்ட்டு அலகுகள் வழங்கின. பிற்கட்டத்தில் அவற்றின் இடத்தை ஜாஸ்பர், அகேட்டு, கால்சிடனி ஆகியவற்றாலான குறுகிய அலகுகள் பெற்றன. இவை குஜராத்திலேயே கிடைக்கும் கற்கள். அலகு செய்யும் தேவை நின்றுவிடவில்லை. அறிவும் அழிந்துவிடவில்லை. கல்லின் வரவே நின்றது. கி.மு. 1900 அளவில் பெருநகரங்கள் தளர்ந்தபோது நிகழ்ந்தது என்ன என்பதற்கு முத்திரைகளின் மறைவும் எடைக்கற்களின் மறைவும் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அவை ஆட்சியையும் வணிகரையும் சார்ந்தவை. எளிய குடியினரின் அடுக்களையிலும் வயலிலும் அத்தளர்ச்சி எவ்வாறு உணரப்பட்டது என்பதைக் கூறுவது அலகின் கல்லாகும்.

ஓங்கர் எழுப்பும் ஐயம்

மேற்கூறிய முடிவுகள் அனைத்தும் குஜராத்தின் செர்ட்டு ரோரியிலிருந்து வந்தது என்பதைச் சார்ந்தவை. அரப்பாவின் செர்ட்டு பிறப்பிட மாதிரிகளோடு முறையாக ஒப்பிடப்பட்டது. குஜராத்தின் ஊர்களில் பெரும்பாலும் கண்ணால் கண்டே ரோரிக் கல் என இனங்காணப்பட்டது. ரோரிச் செர்ட்டின் தோற்றம் தனித்தன்மை வாய்ந்தது, எளிதில் அடையாளம் காணத்தக்கது என்பதே இதற்குரிய நியாயம்.

ஆயின் சிந்து மாநிலத்தில் செர்ட்டுக் குன்றுகள் வேறும் உள்ளன. கீழ்ச்சிந்துவில், ஐதராபாத்திற்குத் தெற்கே ஓங்கர் என்னுமிடத்திலும் சுண்ணாம்புக் குன்றுகளில் செர்ட்டு அகழப்பட்டுள்ளது. அங்கும் சிந்துவெளிக் காலத்துக் கல்லகழ்விடங்கள் இருந்தமையைப் பியாகியும் ஸ்டார்னினியும் எடுத்துக்காட்டியுள்ளனர். ஜிம்பீர் முதலான இடங்களிலும் செர்ட்டு உண்டு. ஓங்கர் ரோரியைக் காட்டிலும் கச்சுப் பகுதிக்கு மிக அண்மையில் உள்ளது. கடல்வழியும் கழிமுகமும் அதற்கு எளிதில் எட்டும். ஆகவே தோலாவீராவிலும் ஷிகார்ப்பூரிலும் கிடைக்கும் அலகுகளுள் ஒரு பகுதி ஓங்கர்க் கல்லாக இருக்கக்கூடும் என்ற வினா எழுகிறது.

இவ்வினா முன்னர்க் கூறிய முடிவுகளை முற்றிலும் தகர்த்துவிடாது. கல் ரோரியிலிருந்து வந்தாலும் ஓங்கரிலிருந்து வந்தாலும் சிந்துவிலிருந்தே வந்தது. லோத்தலில் அதன் வரவு நின்றது என்னும் உண்மையும் மாறாது. மாறுவது தொடர்பின் வடிவம். எல்லா நகரங்களுக்கும் ஒரே குன்றிலிருந்து கல் சென்றது எனில், அக்குன்றைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த நடுவண் அமைப்பு ஒன்றைக் கற்பிக்க இடமேற்படும். இரண்டு அல்லது மூன்று குன்றுகளிலிருந்து அவ்வப்பகுதி மக்கள் கல் பெற்றனர் எனில், ஒரே தொழில்நுட்ப மரபைப் பகிர்ந்துகொண்ட பல வழங்கல் வட்டங்களையே காண முடியும். சிந்துவெளி ஒரு பேரரசா அல்லது இணைந்து வாழ்ந்த நகரங்களின் கூட்டமைப்பா என்னும் நெடிய விவாதத்தில் இவ்வேறுபாடு சிறிதன்று. ரோரிக் கல், ஓங்கர்க் கல் ஆகிய இரண்டிலிருந்தும் போதிய மாதிரிகளை எடுத்து, இரண்டையும் வேதியியலால் பிரிக்க முடியுமா என்பதை முதலில் உறுதிசெய்து, அதன்பின் குஜராத்தின் அலகுகளை அவற்றோடு ஒப்பிடுவதே இதற்குரிய வழி. அதுவரை குஜராத்தின் அலகுகளைச் சிந்துச் செர்ட்டு என்று வழங்குவது சான்றின் அளவிற்கு ஏற்றதாகும்.

உத்தியின் பரவலும் கல்லின் பரவலும்

பிறப்பிட ஆய்வு மற்றொரு பிழையிலிருந்தும் வரலாற்றைக் காக்கிறது. கருக்கல்லின் ஒரு பக்கத்தில் இருபுறமும் மாறிமாறித் தட்டி முகடு ஒன்றை உண்டாக்கி, அம்முகட்டின் வழியே முதல் அலகைக் கழற்றும் உத்தி சிந்துவெளியில் வழக்கிலிருந்தது. இதே உத்தி மாளவத்திலும் மராட்டியத்திலும் உள்ள செப்புக்கால ஊர்களில் காணப்படுகிறது. மகேசுவரின் அலகுத் தொழிலை ஆராய்ந்த பி. சுப்பாராவ் 1955-இல் இவ்வுத்தியின் வரலாற்றை எழுதினார். ஆயின் நவ்தாத்தோலி, இனாம்காவ் முதலிய ஊர்களின் அலகுகள் கால்சிடனியால் ஆனவை. அது தக்காணத்தின் கருங்குழம்புப் பாறைகளில் கிடைக்கும் கல். கருவியின் வடிவம் மட்டும் நோக்கப்பட்டால் சிந்துவோடு வணிகத் தொடர்பு இருந்தது எனக் கூறத் தோன்றும். கல்லை நோக்கினால், இங்குப் பரவியது கைத்திறனே தவிரப் பொருளன்று என்பது விளங்கும்.

தென்னகத்திற்கு இவ்வாய்வின் பொருத்தம்

தென்னிந்தியாவில் கல்லின் பிறப்பிடம் பற்றிய ஆய்வுக்கு மிகத் தொன்மையான களங்கள் உள்ளன. கர்நாடகத்தின் யாத்கீர் மாவட்டத்து இசம்பூரில் கே. பத்தையா நடத்திய அகழாய்வு, சிலிக்கா ஊறிய சுண்ணாம்புப் பலகைக் கற்களைப் பழங்கற்கால மாந்தர் அங்கேயே பெயர்த்துக் கைக்கோடரிகளாக்கிய கல்லகழ்விடத்தை வெளிப்படுத்தியது. தமிழகத்தின் அத்திரம்பாக்கத்தில் நிலை வேறு. அங்குக் குவார்ட்சைட்டுப் பாறைகளிலிருந்து பெரிய சில்லுகளை வேறிடத்தில் பெயர்த்து, அவற்றை ஊருக்குக் கொண்டுவந்து கருவியாக்கினர் என்பது சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோரின் ஆய்வால் அறியப்படுகிறது. புதிய கற்காலத்தில் பல்லாரியை அடுத்த சங்கனகல்லு – குப்கல் பகுதியின் டோலரைட்டுப் பாறைகள் கோடரித் தொழிலின் பெருங்களமாயின. கல் இருக்குமிடத்திற்கு மாந்தர் சென்றதும், மாந்தர் இருக்குமிடத்திற்குக் கல் வந்ததும் இவ்வாறு அடுத்தடுத்துக் காணக்கிடைக்கின்றன.

வரலாற்றுத் தொடக்கக் காலத்துத் தமிழகத்திற்கும் இம்முறை தேவைப்படுகிறது. கொடுமணல் முதலிய ஊர்களில் கிடைக்கும் சூதுபவள, அகேட்டு மணிகளின் கல் குஜராத்திலிருந்தோ மராட்டியத்திலிருந்தோ வந்தது எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. அது உண்மையாகலாம். ஆயின் தக்காணப் பாறைகளிலிருந்து சிதைந்த அகேட்டுக் கற்கள் கிருஷ்ணா, கோதாவரி ஆற்றுச் சரளைகளிலும் கிடைக்கின்றன. சரளைக்கல்லின் புறத்தோல் உருண்டு தேய்ந்திருக்கும். பாறையிலிருந்து பெயர்த்த கல்லின் புறத்தோல் கரடாக இருக்கும். மணிகளை மட்டும் சேகரித்துப் பட்டறைக் கழிவைப் புறக்கணித்தால் இவ்வேறுபாட்டைக் காண இயலாது. குஜராத் எனில் நெடுவழி வணிகம் என்றும், கிருஷ்ணைச் சரளை எனில் அண்டை நாட்டுத் தொடர்பு என்றும் வரலாறு இரு வேறாக விரியும். சங்ககால வணிகம் பற்றிப் பேசும் இலக்கிய ஆய்வாளர் தொல்லியல் அறிக்கைகளிலிருந்து இத்தகைய கூற்றை எடுத்தாளும்போது, அது ஒப்பீட்டால் நிறுவப்பட்டதா, நிறத்தால் ஊகிக்கப்பட்டதா என நோக்குதல் வேண்டும்.

அழியும் ஆவணங்கள்

பிறப்பிட ஆய்வின் எதிர்காலம் ஆய்வகங்களை மட்டும் பொறுத்ததன்று. ரோரிக் குன்றுகளின் சுண்ணாம்புப் பாறை தொழில் தேவைக்காகப் பொறிகளால் பெருமளவில் வெட்டப்பட்டு வந்துள்ளது. தொல்லியல் களங்கள் இவ்வாறு அழிவதைப் பியாகி 2006-இல் விரிவாகப் பதிவு செய்தார். சங்கனகல்லுப் பகுதியும் கல்லுடைப்புத் தொழிலால் பாதிக்கப்பட்டது. நகரத்தில் கிடைத்த அலகு அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. அது பிறந்த பள்ளமோ சுண்ணாம்பாகவும் சாலைச் சல்லியாகவும் மாறிவிடுகிறது. பள்ளம் அழிந்தால் அலகை ஒப்பிடுவதற்குரிய மறுபாதி அழிகிறது. மிகச் செம்மையான கருவியும் இல்லாத மாதிரியை அளக்க இயலாது.

பிறப்பிடங்களும் ஊர்களும் நாட்டெல்லையின் இருபுறமும் பிரிந்து கிடப்பது மற்றொரு தடை. செர்ட்டு பாகிஸ்தானிலும் அதனைப் பயன்படுத்திய ஊர்களுள் பல இந்தியாவிலும் உள்ளன. அகேட்டைப் பொறுத்தவரை நிலை தலைகீழாகிறது. இருநாட்டு மாதிரிகளையும் கொண்ட பொதுத் தொகுப்பு ஒன்று எல்லா ஆய்வாளர்க்கும் கிடைக்கும்போதே இவ்வகை வினாக்களுக்கு நிலையான விடை காணலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. ரோரிக் குன்றுகள் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டில் அகழப்பட்டன என்பதும், அரப்பா தன் செர்ட்டின் பெரும்பகுதியை அங்கிருந்து பெற்றது என்பதும் உறுதியான சான்றுடையவை. குஜராத்தின் நீண்ட அலகுகள் சிந்துவிலிருந்து வந்தவை என்பது வலுவான கருத்து. அவை ரோரியிலிருந்து மட்டுமே வந்தன என்பது இன்னும் சோதிக்கப்படவேண்டியது. நகரங்கள் தளர்ந்தபின் அக்கல்லின் வரவு நின்று உள்ளூர்க் கல் அதன் இடத்தைப் பெற்றது என்பது அந்நாகரிகத்தின் முடிவு பற்றிய நம்பத்தகுந்த சான்றுகளுள் ஒன்றாகும்.

இந்நான்கு கருத்துகளும் ஒரே உறுதியுடையன அல்ல. எது எவ்வளவு உறுதியுடையது எனப் பிரித்தறிவதே பிறப்பிட ஆய்வு வரலாற்றிற்கு வழங்கும் கொடை. படிக்கப்படாத முத்திரைகள் மன்னரையும் வணிகரையும் பற்றி ஒருநாள் கூறக்கூடும். அதுவரை அந்நகரங்களின் பெயரறியாக் குடியினர் எவரோடு தொடர்பு கொண்டு வாழ்ந்தனர், அத்தொடர்பு எப்போது அறுந்தது என்பதை அவர்கள் தேய்த்து எறிந்த அலகுகளைக் கொண்டே அறியவேண்டும். அவ்வலகுகளையும், அவை பெயர்க்கப்பட்ட குன்றுகளையும் ஒருசேரக் காப்பது அந்த அறிவிற்கு முதல் தேவையாகும்.